வெயில் நாள் லீவு

மூன்றாம் லயம், கோலா தெர்லா வழி,
கேமரன் மலை
8.3.1981

அன்புத் தங்கச்சி ரஞ்சிதத்துக்கு,

வடிவு அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சின்னவன் கந்தனும் மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் வேலப்பன் தம்பியும், உங்களோடு இருக்கும் என் மகள் சீதாவும் சுகம்தானே? இங்கே பனியில் வரும் உன் முட்டி வலி, ஈப்போ சூட்டுக்குக் குறைந்திருக்கும்.

ஆவணியில் ஈப்போ கோயில் மண்டபத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாக நீ எழுதியது கிடைத்தது. நாகரத்தினம் நல்ல பையன். ரயில்வேயில் வேலை, குடிப் பழக்கம் இல்லை, பெரியவர்களிடம் மரியாதை. எங்களுக்கு முழுச் சம்மதம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மணவறையில் பெண்ணைப் பெற்றவர்கள் இடத்தில் நீயும் தம்பியும் நின்று கொடுங்கள். சீதா உன் வீட்டில் இருந்துதான் டைப்பிங் படித்தாள், இப்போது வேலைக்கும் போகிறாள். அவளுக்கு நீயும் தாய்தான். எனக்கு இந்த வளைவு ரோட்டில் பஸ் ஒத்துக்கொள்வதில்லை.

இங்கே ஒரு வாரமாக மழை இல்லை. நான் கொழுந்து பறிக்கச் சரியாகப் போகவில்லை. காளியண்ணன் கங்காணி லயத்து வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். "எல்லாரும் மழைக்கு லீவு போடுவாங்க. நீ என்னலா வெயிலுக்கு லீவு போடுற? கொட்டுற மழையில மொத ஆளா நிக்கிற, வெயில் அடிச்சா படுத்துக்கிற!" சிரித்து மழுப்பினேன்.

சீதாவுக்கு என் முத்தம்.

வடிவம்மாள்

*

ஈப்போ
20.3.1981

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கண்டேன். இங்கே எல்லோரும் நலம். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, வெயிலுக்கும் அது பயப்படவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில், முடியாது. பெற்ற தாய் உயிரோடு இருக்கும்போது சின்னம்மா எப்படி மணவறையில் நிற்பாள்? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதைவிட, சீதா என்ன நினைக்கிறாள் தெரியுமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். "அம்மாவுக்கு அவரைப் புடிக்கல சின்னம்மா. வாயால சரின்னு சொல்லிட்டு வராம இருக்கப் பார்க்குறாங்க" என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நீ வராவிட்டால் மண்டபம் வேண்டாம், பதிவு மட்டும் செய்துகொள்கிறேன் என்கிறாள். பிடிவாதத்தில் உன் மகள்தான்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பிரசவ வார்டிலிருந்து பிசியோ அறைக்கு மாற்றிவிட்டார்கள். பாய் விரிப்பது, பெயர் கூப்பிடுவது, பயிற்சி கொடுக்கும் மிஸ் ஜெயா சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது, இதுதான் வேலை. மிஸ் தமிழ்ப் பெண்தான், ஆனால் வெள்ளைக்காரன் நாட்டில் படித்தவள். அவள் தமிழ் டவுன் தமிழ்.

உண்மையைச் சொல். பஸ்தான் காரணமா?

ரஞ்சிதம்

*

கேமரன் மலை
5.4.1981

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

சீதாவிடம் சொல், எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிக்கும் என்று. வேறு ஒன்றும் இல்லை. எனக்கு உடம்புக்கும் ஒன்றும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. இந்த வாரம் ஒரு நாள்கூட விடாமல் வேலைக்குப் போனேன். கொழுந்து நன்றாக வருகிறது. கங்காணிக்குக் கோபம் ஆறிவிட்டது.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன் என்றே வைத்துக்கொள். கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் தாரை வார்க்கும் சமயத்தில் நீ நில். உன் மாமா கை நீட்ட, நீ செம்பிலிருந்து தண்ணீர் ஊற்று. அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு ஆகாது. அதற்கு மேல் கேட்காதே.

கூறைப்புடவை சிவப்பில் எடு. எனக்கு எடுப்பதானால் கறுப்புக்குக் கிட்டின நிறமாக எடு.

வடிவு

*

ஈப்போ
16.4.1981

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். சித்திரைப் பிறப்புக்குச் சீதா பாயசம் வைத்தாள், சர்க்கரை கூடிவிட்டது. நாகரத்தினம் வந்து மூன்று முறை வாங்கிக் குடித்தான். கூறைப்புடவை பார்த்து வைத்திருக்கிறோம்.

இன்னொரு தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.

ரஞ்சிதம்

(தனித் தாள்)

இது அக்காவுக்கு மட்டும்.

அக்கா, மூன்று நாளாக யோசித்தேன். மழையில் எல்லோரும் இடுப்புக்குக் கீழே நனைந்திருப்பார்கள், உன்னை யாரும் பார்க்கமாட்டார்கள். வெயிலில் தெரிந்துவிடும். போன தீபாவளிக்கு நான் அங்கே வந்தபோது பார்த்தேன், நீ ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. குழாயை நான் திறந்தபோது எழுந்து ஓடினாய். இப்போது கறுப்புப் புடவை கேட்கிறாய்.

உனக்குச் சிறுநீர் தங்குவதில்லை. சரிதானே? நீ பதில் எழுத வேண்டாம், நான் சொல்வதை மட்டும் படி.

இருமினால், தும்மினால், கூடை தூக்கினால் கசிவது பிள்ளை பெற்ற எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. டாக்டர் பத்துப் பேரை எங்கள் அறைக்கு அனுப்பினால் இரண்டு பேர் வருவார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி அடுத்த வாரம் வரமாட்டாள். வெட்கம், இல்லையென்றால் இது பெண் ஜென்மத்துக்கு எழுதினது என்று விட்டுவிடுவது. எழுதினது இல்லை அக்கா. நமக்கு அடியில் ஒரு சதை தூளி கட்டினதுபோல் இருக்கிறது. பிள்ளை பெற்றுப் பெற்றுத் தொய்ந்துவிடுகிறது. அதைத் திரும்ப இறுக்கலாம். சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவதுபோல் உள்ளே இழுத்துப் பிடி, பிறகு விடு. உட்கார்ந்தும் செய்யலாம், நின்றும் செய்யலாம். தினமும் செய். மூன்று மாதம் ஆகும் என்கிறாள் மிஸ்.

கல்யாணத்துக்கு அதைவிட அதிக நாள் இருக்கிறது.

*

கேமரன் மலை
3.5.1981

ரஞ்சிதம்,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. நீ என்ன காரியம் செய்தாய்!

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா? கடிதம் வந்தால் உன் மாமாதான் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். பக்கத்து வீட்டு மணியம்மா முதல் அந்த வரிசையே வந்து நிற்கும். உன் தாள்கள் மடிப்பு மாறிக் கிடந்தன. மேலே எழுதியதைப் பார்க்காமல் பாயசத்துக்கு அடுத்து நடுவிலிருந்து தொடங்கிவிட்டார். "இருமினால், தும்மினால்" என்று கணீரென்று படித்தார். அப்புறம் நின்றார்.



"இருமினால், தும்மினால்... நெல்லிக்காய் ஊறுகா ரொம்ப நல்லதாம்" என்றார். தாளைப் பார்த்துக்கொண்டே, கண் நகராமல், செய்முறை சொல்ல ஆரம்பித்தார். நெல்லிக்காயைக் காயவைக்கணுமாம், எண்ணெயில் போடணுமாம், வெல்லம் சேர்க்கணுமாம், மூடியை இறுக்கமா மூடணுமாம். மணியம்மா விடவில்லை. "உப்பு எவ்வளவுண்ணே?" "உப்பு எழுதலயே." "ஊறுகாய்க்கு உப்பு எழுதாம என்னண்ணே எழுதியிருக்கா?" "டவுன்காரி லா, மறந்திருப்பா" என்று தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டார். நம்மிடம் மாடு இல்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் கொல்லைக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வருவது இப்போது அவர்தான். கேட்டால் முதுகுக்கு நல்லது என்கிறார்.

நீ எழுதியது சரி. கந்தன் பிறந்ததிலிருந்து. கோயிலுக்குள் போய் ஏழு வருஷம் ஆகிறது, வாசலோடு கும்பிட்டுத் திரும்பிவிடுகிறேன். இந்த உடம்போடு அம்மன் முன்னால் எப்படி நிற்பது? மணவறையும் அப்படித்தானே. செம்பில் தண்ணீர் விழும், நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீ சொன்னதைச் செய்கிறேன். சீதாவிடம் சொல்லாதே.

வடிவு

*

ஈப்போ
14.6.1981

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமா, இல்லையா, அதையாவது எழுது. நான் இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். இரண்டிலும் புடவையும் பாத்திரமும் தவிர ஒன்றும் எழுதவில்லை, வாசலில் படித்தாலும் பாதகமில்லை.

சீதா பேச்சைக் குறைத்துவிட்டாள். பத்திரிகையில் பெற்றோர் பெயர் போடும் இடத்தைக் காட்டி, "போடணுமா சின்னம்மா?" என்று கேட்டாள். 

போன வாரம் மாமா வந்திருந்தார். தேயிலை லோரியில் ஏறி வந்ததாகச் சொன்னார். கோப்பி குடித்தார், மழை பற்றிப் பேசினார், என் வீட்டுக்காரரிடம் தக்காளி விலை விசாரித்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்த மிஸ்ஸு எந்தக் கிழமைம்மா இருப்பாங்க?" என்றார். வியாழக்கிழமை என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

எழுது அக்கா.

ரஞ்சிதம்

*

கேமரன் மலை
28.6.1981

அன்புத் தங்கச்சிக்கு,

மற்றவர்கள் சுகம்.

நான் விட்டுவிட்டேன். நீ சொன்னதுபோல் ஒரு மாதம் செய்தேன். காலையில் தேயிலை நிரையில் நிற்கும்போது, கொழுந்து எடை போட நிற்கும்போது, படுக்கும்முன். கொழுந்து நிறைந்த கூடையைத் தூக்கி முதுகில் போடுவோமே, அதுபோல் மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, பல்லைக் கடித்து, அடியில் முக்கிப் பிடித்தேன். குறையவில்லை, கூடியது. முன்பு இருமினால்தான். இப்போது நிரையில் ஏறி இறங்கினாலே.

உன் மேல் குற்றம் இல்லை. என் உடம்பு அவ்வளவுதான். நீயே நின்று தண்ணீர் ஊற்று. சீதா கோபித்தால் கோபிக்கட்டும், ஒரு பிள்ளை பிறந்தால் மறந்துவிடுவாள். நூறு பேர் நடுவே அவள் தலைகுனிவதைவிட அது மேல்.

வடிவு

*

ஈப்போ
2.7.1981

அக்கா,

நலம் நலம் என்று எழுத நேரமில்லை, இன்றைய தபாலிலேயே போக வேண்டும். உறையில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன், நீயே பிரித்துத் தனியாகப் படி.

நீ செய்தது தலைகீழ். உன் கடிதத்தில் கூடை தூக்குவதுபோல் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் மிஸ்ஸிடம் வாசித்தேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "மலையிலேருந்து வர்ற எல்லாருமே இப்படித்தான் செய்றாங்க ரஞ்சிதம். அவங்க உடம்புக்குத் தெரிஞ்ச பலம் அது ஒண்ணுதான்" என்றாள். மூச்சைப் பிடித்து முக்கினால் அந்தத் தூளி கீழே தள்ளப்படுமாம். நமக்கு வேண்டியது மேலே இழுப்பது. ஒரு மாதம் நீ உன் உடம்பைக் கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாய். இதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினது என் புத்திக்குறைவு. ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

வியாழக்கிழமை வா. மாமாவுக்குக் கிழமை தெரியும்.

ரஞ்சிதம்

*

கேமரன் மலை
19.7.1981

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். உன் வீட்டு மீன் குழம்பு வாசனை இன்னும் என் புடவையில் இருக்கிறது. வேலப்பன் தம்பியையும் சீதாவையும் கேட்டதாகச் சொல்.

அங்கே வரும்போது பஸ்ஸில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. தாப்பா இறக்கத்தில், அருவி இருக்கும் வளைவுக்கு முன்னால், எனக்கு முடியவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. உன் மாமா என் முகத்தைப் பார்த்தார். எழுந்து, "டிரைவர், நிறுத்துப்பா! எனக்கு வயிறு சரியில்ல, இனி தாங்காது!" என்று கத்தினார். பஸ் முழுக்கச் சிரிப்பு. "காலையில என்ன பெரியவரே சாப்பிட்டீங்க?" என்று ஒருவன் கேட்டான். "நெல்லிக்காய் ஊறுகா" என்றார். இறங்கி, "நீயும் வா, தனியாப் போனா பாம்பு இருக்கும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு பக்கமாக நடந்தார். நான் புதருக்குப் பின்னால் போனேன். அவர் சும்மா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஸ் ஜெயா என் மகள் வயசுதான் இருப்பாள். திரை போட்டு, பாயில் படுக்கவைத்து, வயிற்றில் கை வைத்து, "இது சும்மா இருக்கணும்மா. மூச்சு போகட்டும், வரட்டும். பேசிக்கிட்டே செய்ங்க, பேச முடிஞ்சா மூச்சைப் பிடிக்கலன்னு அர்த்தம்" என்றாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. கல்யாணத்துக்கு என்னென்ன பலகாரம் என்று சொல்லிக்கொண்டே செய்தேன். அதிரசம் சொல்லும்போது பிடிபட்டது. சின்ன அசைவு. மேலே. கூடை தூக்குகிற பலத்தில் பாதிகூட வேண்டாம். இவ்வளவு நாள் எனக்குள் அப்படி ஒன்று இருந்தது தெரியாது.

இருமுவதற்கு முன், தூக்குவதற்கு முன், அதை ஒரு தரம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாதாம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டுமாம், டீயைக் குறைக்க வேண்டுமாம். தேயிலைக்காட்டுக்காரியிடம் சொல்கிற பேச்சைப் பார்!

அடுத்த வியாழனும் வருகிறேன். கங்காணியிடம் உன் மாமா என்ன சொல்லி லீவு வாங்கினார் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்கிறார்.

வடிவு

*

ஈப்போ
14.9.1981

அன்புள்ள அக்கா, மாமா,

கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? இங்கே எல்லோரும் சுகம். புது மாப்பிள்ளையும் பெண்ணும் நேற்று விருந்துக்கு வந்து போனார்கள். சீதா முகம் மலர்ந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவளை மாடிக்குக் கூட்டிப் போய் நீ என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. இறங்கி வந்தவள் அழுத கண்ணோடு சிரித்தாள். "என் அம்மாவை எனக்கே தெரியல சின்னம்மா" என்றாள்.

அக்கா, இந்தக் கடிதத்தை மாமா படிப்பதற்குள் நீ வாங்கிக்கொள்.

மேளக்காரர் கணக்கு முடிக்க வந்தபோது சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். கல்யாணத்தன்று விடிந்ததும் மாமா அவர்களிடம் போய், "தாரை வாக்கும்போது நல்லாத் தட்டுங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு எதுவும் கேக்கக் கூடாது" என்றாராம். "தாலி கட்டும்போதுதானே கெட்டிமேளம்?" என்று இவர் கேட்டதற்கு, "எங்க மலையில ரெண்டு தடவை" என்றாராம். ஆனால் அந்தச் சமயம் பார்த்துத் தவிலில் வார் தளர்ந்துவிட்டது. அவர் குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் சீவாளி மாற்றிக்கொண்டிருந்தார். நான் தூண் பக்கம் நின்று பார்த்தேன். மண்டபமே அமைதி. மாமா கழுத்தை எக்கி எக்கி மேளத்தையே பார்த்தார். ஐயர், "நல்ல நேரம் போகுது, ஊத்துங்கம்மா" என்றார்.

அப்புறம் நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு உன் முகம் தெரியவில்லை. அங்கே கேட்க வெட்கம். இப்போது கேட்கிறேன்.

ரஞ்சிதம்

*

கேமரன் மலை
27.9.1981

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அம்மன் அருளால் மூவரும் சுகம். அங்கே உன் முட்டியைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை நானே வாங்கி நானே படித்தேன். மேளம் பற்றி நீ எழுதிய பிறகுதான் எனக்கு விளங்கியது. ஏன் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், கல்யாணத்தில் பழைய கடன்காரன் எவனாவது வந்துவிட்டானா என்று நினைத்தேன். அவர் கை என் செம்புக்குக் கீழே நடுங்கியது. அவர் கையைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. ஒருத்தர் பயந்தால் போதாதா?

மூச்சை விட்டேன். மெதுவாக மேலே பிடித்தேன். "அதிரசம்" என்று வாய்க்குள் சொன்னேன். ஊற்றினேன். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அந்தத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கை வழியாகச் சீதா கைக்கு, சீதா கை வழியாக மாப்பிள்ளை கைக்கு. ஐயர் "போதும்மா" என்றார். நான் நிறுத்தவில்லை. செம்பு காலியாகும்வரை ஊற்றினேன். நனைந்தது மாப்பிள்ளை வேட்டிதான்.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பலமாகத் தும்மினால் இன்னும் கொஞ்சம் உண்டு. மிஸ் விடாமல் செய்யச் சொல்லியிருக்கிறாள், செய்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குள் போய் வந்தேன். ஏழு வருஷத்தில் அம்மனுக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள், அதுகூட எனக்குத் தெரியாது.

நேற்று இந்த மாதத்திலேயே நல்ல வெயில். மேகமே இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போனேன். காளியண்ணன் கங்காணி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னலா வடிவு, இன்னிக்கு மழை வருமா?" என்றார். வராது என்றேன்.

பக்கத்து நிரை காலியாக இருந்தது. மணியம்மா லீவு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை, அவளும் நான் ஓடுவதைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறாள். சாயங்காலம் போய் அவள் வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கொழுந்து பற்றிப் பேசினோம். பிறகு அவளே, "வெல்லம் போட்டு எவளாவது நெல்லிக்காய் ஊறுகா போடுவாளா? அன்னிக்கே தெரியும்" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள், அழுதுவிட்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் அவளைக் கூட்டி வருகிறேன். பாய் ஒன்று விரித்து வை. உன் மாமாவும் கூட வருகிறாராம். எதற்கு என்று கேட்டேன். டிரைவருக்குத் தன் வயிறு பழக்கமாகிவிட்டது என்கிறார்.

வடிவம்மாள்